எவர்சில்வரில் வெட்டுக்கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பது பற்றி எழுதியபோது, துருப்பிடிக்காத எஃகில் அதையே செய்ய முடியுமா என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. கோவையில் எஃகைப் பதப்படுத்தும் பட்டறை ஒன்றில் உலை முன்னால் நின்று வேலை கற்றவன் நான். இப்போது சொந்தமாகக் கத்தி செய்கிறேன். ஒரு சாணுக்கு மேல் நீளமான, ஓங்கி வெட்டுகிற கத்திகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். காய்கறி நறுக்கும் சிறு கத்திக்கு நியாயம் வேறு.

கேள்வி: மீன் கடை வைத்திருக்கிறேன். வஞ்சிரம், சூரை, பெரிய பாறை எல்லாம் துண்டு போட வேண்டும். பட்டைக் கத்தி ஒரே இரவில் துருவேறிவிடுகிறது. அதனால் கேட், கிரில் செய்யும் பட்டறையில் 304 என்ற எவர்சில்வர் வகைத் தகட்டில் 14 அங்குலக் கத்தி செய்து வாங்கினேன். துரு இல்லை. ஆனால் நாலைந்து மீன் வெட்டுவதற்குள் மழுங்கிவிடுகிறது. "இதைவிட நல்ல எவர்சில்வர் கிடையாது" என்கிறார் செய்தவர். ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: ஏமாற்றவில்லை. பாத்திரத்துக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் அவர் சொன்னது முழு உண்மை. கத்திக்குத்தான் அது பொருந்தாது.

304-இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஃகைக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றும்போது அதன் உள்ளமைப்பு மார்ட்டென்சைட் என்ற வடிவத்துக்கு மாறி, கார்பன் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. கத்தியின் கடினம் அங்கிருந்துதான் வருகிறது. 304-இல் சிக்குவதற்குக் கார்பனும் இல்லை, நிக்கல் அந்த மாற்றத்தை நடக்கவிடுவதும் இல்லை. எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அது மென்மையாகவே இருக்கும். சம்மட்டியால் அடித்தால் அடித்த இடம் மட்டும் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். 316-க்கும், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202-க்கும் இதே கதைதான். நம் ஊரில் "எவர்சில்வர் தகடு" என்று கேட்டால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது நிக்கல் இல்லாத, கார்பன் உள்ள, 13 சதவீதம் அளவுக்குக் குரோமியம் உள்ள எஃகு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் உருக்கியது இந்த இனம்தான். அதில் குரோமியம் 12.8, கார்பன் 0.24. இன்றைய 420 அதன் நேர் வாரிசு. கார்பன் 0.3 அளவில் இருக்கும் 420-ஐ, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 50 வரை கடினமாக்கலாம். இளநீர் சீவுவதற்கும் பலாப்பழம் பிளப்பதற்கும் அது போதும். மழுங்கினாலும் நொடியில் சாணை ஏறும், விலையும் குறைவு. நாள் முழுக்க முள்ளெலும்பு வெட்டுகிற உங்கள் கைக்கு ஒரு படி மேலே போகலாம். ஜெர்மானியச் சமையல் கத்திகளில் காணும் 1.4116 என்ற எஃகில் கார்பன் அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம். அதற்கும் மேலே ஸ்வீடன் நாட்டு 14சி28என். அதில் கார்பன் 0.62, குரோமியம் 14, கூடவே சிறிது நைட்ரஜன். உப்புத் தண்ணீரையும் தாங்கும், அடியையும் தாங்கும். மீன் கடைக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். கடினம் 56-லிருந்து 58-க்குள் இருக்கட்டும்.

440சி என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் கார்பன் ஒரு சதவீதத்தைத் தொடுகிறது. குரோமியமும் கார்பனும் சேர்ந்து உண்டாகும் கார்பைடு மணிகள் அதற்குள் பெரிதாகவும் ஏராளமாகவும் கிடக்கின்றன. தேய்மானத்தைத் தாங்க அவை உதவும். ஆனால் வீசி அடிக்கும்போது விரிசல் அந்த மணிகளின் ஓரத்தைப் பற்றிக்கொண்டுதான் ஓடும். சிறு கத்திக்கு 440சி அருமையான எஃகு. 14 அங்குல வெட்டுக்கத்தியில் வாய் பொக்கையாகிவிடும்.

உங்களிடம் இருக்கும் 304 கத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். செதில் சுரண்ட வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் 5 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு மலிவாகக் கிடைக்கிறது. காந்தம் ஒட்டினால் கத்திக்கு ஆகும் என்கிறார்கள். அது ஒன்று போதுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போதாது. காந்தம் ஒட்டாவிட்டால் அந்தத் தகடு 304 குடும்பம், விட்டுவிடலாம். அந்த அளவுக்குக் காந்தம் உதவும். ஒட்டினால் அது 420 ஆகவும் இருக்கலாம், 430 ஆகவும் இருக்கலாம். 430-இல் குரோமியம் 17 சதவீதம் இருந்தாலும் கார்பன் 0.12-க்கு மேல் கிடையாது. இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான், உலைக்குள் போனால்தான் வேறுபாடு தெரியும்.

சாணைச் சக்கரத்தில் பொறி பார்ப்பது பழைய வழி. லாரி பட்டையைப் பிடித்தால் பொறிகள் கிளை கிளையாக வெடித்துச் சிதறும். அந்தக் கிளைதான் கார்பனின் அடையாளம். 304-ஐப் பிடித்தால் பொறி குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில், கிளையே இல்லாமல் போகும். கார்பன் உள்ள துருப்பிடிக்காத எஃகு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். குரோமியம் பொறியை அடக்கிவிடுவதால் புதுக் கண்ணுக்குப் பிடிபடாது. தெரிந்த எஃகுத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

பெரிய இரும்புக் கடைகளில் இப்போது துப்பாக்கி வடிவத்தில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்-கதிரை அடித்து, குரோமியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு என்று சில நொடிகளில் காட்டிவிடும். ஆனால் கையடக்கமான அந்தக் கருவியால் கார்பனை அளக்க முடியாது. கார்பன் மிக லேசான தனிமம், அதிலிருந்து திரும்பும் கதிர் கருவிக்கு எட்டாது. கார்பன் 0.1 உள்ள 410-உம், 0.35 உள்ள 420-உம் அதன் திரையில் ஏறத்தாழ ஒரே எண்களைக் காட்டும். நமக்கு வேண்டிய எண் அந்தத் திரையில் வராது. கார்பன் தெரிய வேண்டுமானால் உலோகச் சோதனைக் கூடத்தில் தீப்பொறி நிறமாலை முறையில் பார்க்கச் சொல்லுங்கள். கோவையில் வார்ப்படத் தொழிலுக்காகவே அப்படிப்பட்ட கூடங்கள் இருக்கின்றன. நாணயம் அளவுக்குத் தட்டையான துண்டு கொடுத்தால் போதும்.

சோதனைக் கூடத்துக்குப் போகிறவரும் போகாதவரும் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தகட்டின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம், அரைச் சாண் நீளத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 1050 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, இரண்டு கனமான அலுமினியக் கட்டிகளுக்கு இடையில் அழுத்தி ஆற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் புது அரத்தை அதன் மேல் ஓட்டுங்கள். அரம் கண்ணாடி மேல் போவது போல் வழுக்கினால் கார்பன் இருக்கிறது. பற்றிக்கொண்டு சீவினால் இல்லை. பிறகு துண்டை வைஸில் பாதி வரை கடித்து, தடித்த சாக்கால் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுத்தியலால் ஒரே அடியில் முறித்துவிடுங்கள். பதம் பார்க்காத துண்டு, அதாவது இறுக்கிய பிறகு மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் தன்மையைக் குறைக்காத துண்டு, சிதறிப் பறக்கும். சாக்கு இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், பட்டுத்துணியின் மங்கலோடு இருந்தால் எஃகும் நல்லது, சூடும் சரி. சர்க்கரை போல் மினுமினுத்தால் சூடு அளவு மீறியிருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், பெரிய கத்திக்குப் பழைய தகடே வேண்டாம். ஆலைச் சான்றிதழோடு வரும் தகட்டை வாங்குங்கள். சான்றிதழில் உள்ள உருக்கு எண்ணும் தகட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கத்தியை ஓங்கி வீசப்போகிறவர் வேறு ஒருவர். அவர் கைக்குள் என்ன எஃகு இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மூன்று தலைமுறையாக அரிவாள் அடிக்கிறோம். ஒருவர் 14சி28என் பட்டை கொடுத்துக் கத்தி கேட்டார். எங்கள் கரி உலையில் வழக்கம்போல் காய்ச்சித் தண்ணீரில் துவைச்சல் போட்டேன். அரம் கொஞ்சம் பற்றுகிறது, ஓரத்தில் மயிரிழை விரிசலும் தெரிகிறது. எஃகு மோசமா? (வாசகர், மானாமதுரை)

பதில்: எஃகு நல்லது. உங்கள் கைத்திறனிலும் குறை இல்லை. லாரி பட்டைக்கு உரிய சூட்டை இதற்குக் கொடுத்துவிட்டீர்கள். பிரியர்லியின் எஃகை முதலில் கையில் எடுத்த ஷெஃபீல்டு கத்திக்காரர்களும் இதே இடத்தில்தான் இடறினார்கள், வெட்டாத கத்தி என்று ஏளனமும் செய்தார்கள். மோஸ்லி கத்தி ஆலையில் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர் அதற்கேற்ற சூட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தக் கத்தி வெட்டியது.

லாரி பட்டைக்கு 850 டிகிரி போதும். காந்தம் விடுபடும் சூடு ஏறத்தாழ 770. அதற்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோய்த் தோய்த்தால் வேலை முடிந்தது. உங்கள் தாத்தா நிறத்தைப் பார்த்தே அதைப் பிடித்திருப்பார். துருப்பிடிக்காத எஃகில் கார்பன் குரோமியத்தோடு கட்டுண்டு கார்பைடாகக் கிடக்கிறது. அந்தக் கட்டு அவிழ்ந்து கார்பன் எஃகுக்குள் கரைய 1050 டிகிரி வரை போக வேண்டும். போனவுடன் எடுத்துவிடவும் கூடாது. ஐந்திலிருந்து பத்து நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். 1020-க்குக் குறைந்தால் கார்பன் போதுமான அளவு கரையாது, 1100-ஐத் தாண்டினால் எஃகின் படிக மணி பெருத்துவிடும். இவ்வளவு குறுகிய வரம்புக்குள் துருத்தி உலையைப் பத்து நிமிடம் பிடித்து நிறுத்துவது யாராலும் ஆகாது. மின்உலையும் வெப்பமானியும் இல்லாமல் இந்த எஃகைத் தொடாதீர்கள்.

அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் மேல்தோலின் கார்பன் எரிந்துபோகும். மெல்லிய எவர்சில்வர் தாளில் கத்தியைப் பொட்டலமாக மடித்து, ஓரங்களை இரட்டை மடிப்பாக அழுத்தி உள்ளே வைக்க வேண்டும். அந்தத் தாளின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வேண்டவே வேண்டாம். குரோமியம் நிறைந்த எஃகு காற்றிலேயே இறுகிவிடும். அதைத் தண்ணீரில் முக்கினால் வெளிப்புறம் முதலில் சுருங்கி விறைக்க, உள்புறம் பிறகு மாறி விரியும். நீங்கள் பார்த்த மயிரிழை விரிசல் அப்படி வந்ததுதான். பொட்டலத்தோடு எடுத்து இரண்டு அலுமினியப் பலகைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். ஒரு அங்குலத் தடிமன் உள்ள பலகை போதும். கத்தி ஆறும், நேராகவும் நிற்கும். நீளமான அலகில் இந்தப் பலகைகள் இல்லாமல் நேர்மை வராது.

ஆறிய பிறகும் உள்ளே மாறாத பகுதி கொஞ்சம் தங்கியிருக்கும். அறைச் சூட்டுக்கு வந்தவுடன், தாமதிக்காமல், உலர்பனியில் மைனஸ் 78 டிகிரிக்கோ திரவ நைட்ரஜனில் மைனஸ் 196-க்கோ கொண்டுபோனால் அதுவும் மாறும். வெட்டுக்கத்திக்கு இந்தக் குளிர் கட்டாயம் இல்லை. கிடைத்தால் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் கடினத்தில் ஒன்றிரண்டு எண் குறையும். ஓங்கி வெட்டும் கத்திக்கு அது ஒரு குறையே அல்ல.

அடுத்தது பதம் பார்த்தல். 200-லிருந்து 250 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். நிறத்தை நம்பாதீர்கள் என்று இங்கே அழுத்திச் சொல்கிறேன். கார்பன் எஃகில் 220 டிகிரியில் வைக்கோல் நிறம் ஏறும். குரோமியம் உள்ள எஃகில் அந்த நிறம் வருவதற்குள் சூடு 300-ஐ நெருங்கிவிடும். நீலம் வரும் வரை காத்திருந்தால் 500-ஐத் தாண்டியிருப்பீர்கள். 450-க்கும் 600-க்கும் இடைப்பட்ட சூடு இந்த எஃகுக்கு ஆகாது. குரோமியம் மறுபடியும் கார்பனோடு சேர்ந்து கார்பைடு மணியாகிவிடும். கத்தி நொறுங்கும் தன்மைக்கும் போகும், துருவும் பிடிக்கும்.

மின்உலை வாங்கும் செலவு பெரிது. வேலையை வெளியே கொடுப்பதே புத்திசாலித்தனம். கோவையிலும் ஓசூரிலும் சென்னை அம்பத்தூரிலும் வெற்றிட உலை வைத்துப் பதப்படுத்தித் தருகிறார்கள். கொடுக்கும் சீட்டில் இரண்டை மறக்காமல் எழுதுங்கள்: காய்ச்சும் சூடு 1050, பதம் பார்க்கும் சூடு 200-லிருந்து 250. எழுதாமல் விட்டால் அச்சுக் கருவிகளுக்குப் போடும் 500 டிகிரிக்கு மேற்பட்ட பதத்தை உங்கள் கத்திக்கும் போட்டு அனுப்பிவிடக்கூடும். துளை போடுவது, பெரும்பகுதி தேய்ப்பது எல்லாம் முன்பே முடியட்டும். வாயை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் விட்டுவையுங்கள். பிறகு தேய்க்கும்போது வெறும் கையால் பிடித்து, சூடு தெரிந்தவுடன் தண்ணீரில் நனையுங்கள். கார்பன் எஃகைப் போல இது வெப்பத்தைக் கடத்துவதில்லை. வாய் ஓரத்திலேயே சூடு தேங்கி, கண்ணுக்குத் தெரியாமல் பதம் இறங்கிவிடும்.

உங்கள் கையில் இருக்கும் கத்தியில் விரிசல் இருக்கிறது. அதை மறுபடி காய்ச்சி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ராக்வெல் 61-இல் பெரிய கத்தி செய்து தருவதாக ஒருவர் விளம்பரம் செய்கிறார். எண் கூடினால் தரம் கூடுமா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. 150 கிலோ பாரத்தோடு ஒரு வைரக் கூம்பை அழுத்தி அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் ராக்வெல் சி. அழுத்தத்தைத் தாங்குவதை அது சொல்லும், அடியைத் தாங்குவதைச் சொல்லாது. பெரிய கத்திக்கு முதல் தேவை முறியாமை. 61 கடினத்தில் அலகு நீளம் 5 அங்குலமாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. 12 அங்குலமாக இருந்தால் வாங்க மாட்டேன்.

கேள்வி: அமெரிக்கக் கொல்லர்கள் கத்தியை வைஸில் கடித்து 90 டிகிரி வளைத்துக் காட்டுகிறார்கள், முறிவதில்லை. என் எவர்சில்வர் கத்தியையும் அப்படி வளைத்துச் சோதிக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் பார்த்தது அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் வைக்கும் தேர்வு. அந்தச் சங்கம் 1976-இல் தொடங்கியது. தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தை இரண்டு முறை முழுதாக வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே வாயால் கை ரோமம் சிரைக்க வேண்டும். கடைசியில் 90 டிகிரி வளைவு. ஆனால் அந்தத் தேர்வுக்குக் கார்பன் எஃகில் அடித்த கத்தியைத்தான் கொண்டுவருவார்கள். வாயை மட்டும் இறுக்கி முதுகை மென்மையாக விட்டிருப்பார்கள். வளையும்போது பாரத்தை வாங்கிக்கொள்வது அந்த மென்மையான முதுகு. காற்றிலேயே இறுகும் எஃகில் முதுகும் வாயும் ஒரே கடினத்துக்கு வந்துவிடும். அதை 90 டிகிரி வளைத்தால் நன்றாகச் செய்த கத்தியும் உடையலாம், உடைந்ததை வைத்து அது கெட்ட கத்தி என்று சொல்லவும் முடியாது.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே போக்கிவிடுகிறேன். லேசாக வளைத்து விட்டால் கத்தி விறைப்பாக இருக்கிறது, எனவே பதம் நன்றாக ஏறியிருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இறுக்கிய எஃகுக்கும் இறுக்காத எஃகுக்கும் விறைப்பு ஒன்றுதான். விறைப்பைத் தீர்மானிப்பது தடிமன். தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். பதம் தெரிவது, வளைத்துவிட்ட பிறகு கத்தி நேராகத் திரும்புகிறதா என்பதில்.

என் பட்டறையில் ஒரு புது எஃகையோ புது வடிவத்தையோ எடுத்தால் எப்போதும் இரண்டு அலகு சேர்த்துச் செய்வேன். ஒன்று முறிப்பதற்கு. முதலில் பித்தளைக் கம்பி. 6 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியை வைஸில் கிடையாகக் கடித்து, சாணை பிடிக்கும் கோணத்தில் வாயை அதன்மேல் வைத்து அழுத்தி இழுப்பேன். வெளிச்சத்தில் பார்த்தால் வாய் கம்பியின் மேல் புடைத்து நகர்வது தெரியும். கம்பியைத் தாண்டியதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். புடைத்தபடியே நின்றால் பதம் மென்மை, சில்லு தெறித்தால் கடினம் அதிகம். இந்த ஒரு சோதனை எந்தக் கருவியையும்விட எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

பிறகு வெட்டு. காய்ந்த மூங்கில் கணுவிலும், முற்றிய புளியங்கட்டையிலும், கசாப்புக் கடையில் கேட்டு வாங்கிய மாட்டுக் காலெலும்பிலும் ஓங்கி வெட்டுவேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் வாய் முழுவதையும் பார்ப்பேன். மூங்கிலுக்குள் கத்தி இருக்கும்போது பக்கவாட்டில் திருகியும் பார்க்க வேண்டும். வேலை செய்பவர்கள் கட்டாயம் திருகுவார்கள். பிடிக்குள் போகும் காம்பும் அலகும் சேரும் மூலையைத் தனியாகப் பாருங்கள். அந்த மூலை செங்குத்தாக வெட்டியிருந்தால் அடியின் வேகம் முழுவதும் அங்கே போய்க் குவியும். ஒரு வட்ட அரத்தால் அதை வளைவாக்கிவிட்டாலே பாதி விபத்துகள் இல்லாமல் போகும். கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் நீளமான எவர்சில்வர் வாள்களை யாரும் வீசிப் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிடிக்குள்ளே பென்சில் கனத்தில் ஒரு கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். அது முறிந்தால் அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்ததும் அந்த அலகைச் சாக்குப் போட்டு மூடி முறித்து, முறிந்த முகத்தில் படிக மணியைப் பார்ப்பேன். இன்னொரு அலகு வாடிக்கையாளருக்குப் போகும். இரண்டு அலகுக்கு எஃகுச் செலவு ஆகும், உண்மைதான். விலையைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கருப்பசாமி கோயிலுக்கு நேர்த்திக்கடனாக ஏழடி அரிவாள் வைக்க இருக்கிறோம். வெட்டவெளியில் மழையில் நிற்கும். எந்த எவர்சில்வர் நல்லது? (வாசகர், சிவகங்கை)

பதில்: நாகப்பட்டினம் வாசகருக்கு நான் வேண்டாம் என்று சொன்ன அதே 304 உங்களுக்கு மிகச் சரி. இந்த அரிவாள் வெட்டப்போவதில்லை, நிற்கப்போகிறது. கடற்கரையை ஒட்டிய கோயிலாக இருந்தால் மாலிப்டினம் சேர்ந்த 316 எடுங்கள். பற்றவைத்த இடத்தில் படியும் நீலமும் பழுப்புமான கறையை அப்படியே விடாதீர்கள். அந்தக் கறைக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். கறை நீக்கும் பசை தடவிக் கழுவச் சொல்லுங்கள். பெரிய பற்றவைப்பு இருந்தால் கார்பன் இன்னும் குறைந்த 304எல் நல்லது. வாயைத் தீட்ட வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகள் அதன் பக்கத்தில் நிற்பார்கள்.

கேள்வி: நல்ல எஃகுதான், சான்றிதழும் இருக்கிறது. ஆனால் கத்தி வந்த வாரத்திலேயே செம்புள்ளிகள் தெரிகின்றன. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: லாரி பட்டையைத் தேய்த்த அதே பெல்ட்டில் உங்கள் கத்தியையும் தேய்த்திருப்பார்கள். சாதா இரும்பின் தூள் மேற்பரப்பில் பதிந்துவிடும். துருப்பிடிப்பது அந்தத் தூள்தான். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வாங்கி, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, கை பொறுக்காத சூட்டில் அரை மணி நேரம் அலகை ஊறவைத்துக் கழுவித் துடையுங்கள்.

இரும்புத் தூள் போய்விட்டதா என்று மயில்துத்தக் கரைசல் தடவிப் பார்க்கும் வழக்கம் உண்டு, இரும்பு இருந்தால் செம்பு படியும். அதைப் பாத்திர எவர்சில்வருக்கு மட்டும் செய்யுங்கள். குரோமியம் 16-க்குக் குறைந்த கத்தி எஃகில், தூள் இல்லாவிட்டாலும் செம்பு படிந்து வீணாகப் பயமுறுத்தும். உங்களுக்கு உப்புத் தண்ணீர் சோதனை போதும். கடல்நீர் அளவாக, லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்து, நனைத்த துணியை அலகில் சுற்றி ஒரு நாள் வையுங்கள். சுத்தம் செய்த பிறகும் புள்ளி மறுபடி வந்தால் பதம் பார்த்த சூட்டைச் செய்தவரிடம் கேளுங்கள்.

டி2 என்ற கருவி எஃகில் செய்த கத்தியாக இருந்தால் இவ்வளவும் பயன்படாது. அதில் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும், ஒன்றரை சதவீதக் கார்பன் அதில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் ஊர்க் காற்றில் அது துருப்பிடிக்கத்தான் செய்யும்.

கேள்வி: 9 அங்குலத்துக்கு மேல் கத்தி செய்வது சட்டப்படி சரியா? (வாசகர், சென்னை)

பதில்: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்காகச் செய்தவை அந்தப் பட்டியலில் சேராது. எந்த வேலைக்கு என்று கேட்டு, வாங்குபவரின் பெயரும் முகவரியும் குறித்துக்கொண்ட பிறகுதான் நான் செய்து கொடுக்கிறேன். காரணம் சொல்லத் தயங்குகிறவருக்குச் செய்வதில்லை.

கேள்வி: தென்னையும் பனையும் ஏறுகிறேன். இடுப்பில் இருக்கும் அரிவாள் வியர்வையிலும் பாளைச் சாற்றிலும் கறுத்துப் போகிறது. எவர்சில்வருக்கு மாறட்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மாற வேண்டாம். மட்டை வெட்டுவதற்கு லாரி பட்டையைவிட அடி தாங்கும் எவர்சில்வரை நான் பார்த்ததில்லை. வாய் மடங்கினால் மரத்தடியிலேயே கல்லில் தீட்டிக்கொள்ளலாம். முறிந்தால் உங்கள் ஊர்க் கொல்லரே காய்ச்சி ஒட்டித் தருவார், எவர்சில்வரை அவரால் அப்படிச் செய்ய முடியாது. கறுப்பு வேறு, துரு வேறு. சாற்றில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து படியும் கறுப்பு அலகை அரிக்காது, சுரண்டி எடுக்காதீர்கள். மாலையில் தண்ணீரில் அலசித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை இழுத்துவிட்டு, உறைக்குள் போடாமல் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், இரவில் துருவேறுவது பெரும்பாலும் அதனால்தான்.